பைன் ஊசியும் தேயிலைக் கொழுந்தும்

டோக்கியோ ரிக்குகியென் தோட்டம் பற்றிய உங்கள் கட்டுரையைக் குன்னூரில் உட்கார்ந்து படித்தேன். மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது நானும் ஒரு நவம்பரில் அங்கே போனேன். கொமகோமே ஸ்டேஷனில் இறங்கிச் சில நிமிட நடைதான். ரோட்டில் அத்தனை வண்டி. வாசல் தாண்டிக் கொஞ்சம் உள்ளே போனதும் நம் காலடிச் சத்தமே கேட்கிறது.

1702-ல் முடித்தது, நடுவில் பெரிய குளம், சுற்றிவரப் பாதை, எல்லாம் சரியாகச் சொல்லியிருக்கிறீர்கள். பைன் மரங்களை அவர்கள் பார்த்துக்கொள்ளும் விதம் மட்டும் விட்டுப்போயிற்று. ஏணியில் நின்று ஒரு தோட்டக்காரர் பழைய ஊசி இலைகளைக் கொத்துக் கொத்தாகக் கையாலேயே உருவிக்கொண்டிருந்தார். பழசைக் களைந்தால்தான் உள்கிளைக்கு வெயில் படும். என் அம்மா நாற்பது வருஷம் எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். அந்த விரல்களைப் பார்த்ததும் அவர் ஞாபகம் வந்துவிட்டது. கால் மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். அப்புறம், பனிப் பாரத்தில் கிளை ஒடியாமலிருக்க நடுவில் கம்பம் நட்டு, உச்சியிலிருந்து குடைக்கம்பி மாதிரி கயிறு இறக்கிக் கட்டுகிறார்கள். அவ்வளவு அழகு!

எங்கள் ஊர் சிம்ஸ் பூங்காவும் 1874-ல் ஓரளவு ஜப்பானிய பாணியில் அமைந்ததுதான். மே மாதப் பழக்கண்காட்சிக்கு வருகிறவர்கள் பழச் சிற்பங்களோடு போட்டோ எடுத்துத் திரும்பிவிடுகிறார்கள். கூட்டமில்லாத ஒரு ஜூலைக் காலையில் வாருங்கள். சரிவில் மெதுவாக இறங்கி, கீழே குளம் வரும்வரை பேசாமல் நடந்து பாருங்கள்.