கோச்சை மாற்றினால் அது துரோகமா?

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை ஒன்று, தரம் 10 படிப்பவள், அடுத்த தவணையிலிருந்து கொழும்புப் பக்கம் ஒரு விடுதிக்குப் போகிறாள். 1,500 மீட்டர் ஓடுபவள். அங்கே அவளுக்குப் புதிய கோச். செய்தி வெளியே வந்ததிலிருந்து எங்கள் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் இதே பேச்சுதான். "வளர்த்துவிட்ட சேரை அம்போன்னு விட்டுட்டுப் போறா பாருங்க." "நாலு மெடல் கெடச்சதும் தலைகால் புரியல." "அந்தக் குடும்பத்துக்கே நன்றி கெடையாது." எழுதுகிறவர்கள் எல்லாரும் பிள்ளைகளைப் பெற்றவர்கள். அவளுடைய அக்காவும் அதில் ஒரு குழுவில் இருக்கிறாள், எல்லாவற்றையும் வாசிக்கிறாள் என்று தெரிந்துகொண்டே எழுதுகிறார்கள்.

என்னால் இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. பிள்ளையின் பெயரையோ தோட்டத்தின் பெயரையோ இங்கே போடமாட்டேன். தெரிந்தவர்களும் கமெண்டில் போட வேண்டாம், தயவுசெய்து.

முதலில் அந்த சேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் கணிதம் படிப்பிக்கிறவர். விளையாட்டுக்கென்று ஆசிரியர் இல்லாத பாடசாலையில் அந்தப் பொறுப்பையும் தானே தலையில் போட்டுக்கொண்டார். அங்கே மைதானம் என்று இருப்பது ஒரு பக்கம் சரிந்த புல்தரை. ஒரு சுற்று 200 மீட்டர்கூட வராது. மழை நாளில் கீழ்ப்பக்க வளைவில் தண்ணீர் தேங்கிச் சேறாகிவிடும். அதில் மரத்தூளைக் கொட்டி, சுண்ணாம்பில் கோடு போட்டு, அந்தப் பிள்ளையை ஓட வைத்தார். ஓடிய ஒவ்வொரு நேரத்தையும் ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கொப்பியை நான் புரட்டிப் பார்த்திருக்கிறேன். நேரத்துக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் குறிப்புகள்: "காலையில் வெறும் தேத்தண்ணி." "முழங்கால் வலி, இன்று ஓட்டம் இல்லை." "தம்பிக்குக் காய்ச்சல், இரவு நித்திரை இல்லை, மெதுவாக ஓடச் சொன்னேன்." ஒரு பிள்ளையை இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்த மனிதர் அவர்.

இப்போது கேளுங்கள். கொழும்புக் கோச்சைத் தேடிப் பிடித்ததே அந்த சேர்தான். அகில இலங்கைப் போட்டிக்குப் போன இடத்தில் அந்தக் கோச்சின் பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்து, போய்ப் பேசி, பிறகு அவர்கள் குடியிருக்கும் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, போய் அம்மாவையும் அப்பாவையும் உட்கார வைத்துப் புரிய வைத்தவரும் அவர்தான். ஏன் என்று நான் கேட்டேன். "டீச்சர், மாகாண மட்டத்துல கடைசிச் சுற்றுல அவளுக்குப் பக்கத்துல ஆளே இல்ல. ஆனா அகில இலங்கையில கடைசி 300 மீட்டர்ல மத்தப் பிள்ளைகள் வேகத்தை மாத்துறப்போ என்ன செய்யிறதுன்னு தெரியாம நிக்கிறா. அவளோட ஓட எங்கிட்ட ஆள் இல்ல. நான் வாட்ச்தான் பிடிக்கலாம்" என்றார்.

அவர் சொன்னதைக் கேட்டதும் எனக்கு ஹன்யுவின் கதைதான் நினைவுக்கு வந்தது. என் மகளுக்கு ஐஸ் தரையில் சறுக்கி ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங் என்றால் உயிர். அவளோடு சேர்ந்து பார்த்துப் பார்த்து எனக்கும் அந்த வீரர்கள் சொந்தப் பிள்ளைகள் மாதிரி ஆகிவிட்டார்கள். யுசுரு ஹன்யு ஜப்பானின் செண்டாய் நகரத்துப் பிள்ளை. 2011 மார்ச் 11 அன்று பூமி அதிர்ந்தபோது அவர் ஐஸ் அரங்கில் பயிற்சியில் இருந்தார். காலில் ஸ்கேட்டோடேயே வெளியே ஓடினார். குடும்பம் சில நாள் முகாமில் தங்கியது. அரங்கு சேதமாகி மூடிக்கிடந்த மாதங்களில் ஊர் ஊராக ஐஸ் காட்சிகளில் ஆடி, அதையே பயிற்சியாக்கிக்கொண்டார். அடுத்த வருடம், 2012 இல், தன் ஊர்க் கோச் நனாமி அபேயோடு பிரான்சின் நீஸ் நகரத்துக்குப் போய் உலகப் போட்டியில் வெண்கலம் வாங்கினார். வயது 17.

உலகத்தில் மூன்றாவதாக வந்த அந்த நேரத்தில்தான் அவர் கோச்சை மாற்றினார். ஆங்கிலம் சரியாக வராத பிள்ளை கனடாவுக்குப் போனார், டொரொன்டோவில் பிரையன் ஓர்சரிடம். போனதற்கு ஒரு முக்கியக் காரணம் அங்கே ஏற்கெனவே இருந்த ஸ்பெயின் நாட்டு வீரர் ஹவியர் பெர்னாண்டஸ். காற்றில் நாலு சுற்றுச் சுற்றி இறங்கும் தாவலில் பெர்னாண்டஸ் கெட்டிக்காரர். அப்படிப்பட்ட ஒருவரோடு தினமும் ஒரே ஐஸில் பழக வேண்டும் என்பது ஹன்யுவின் ஆசை. பெர்னாண்டஸும் அப்படி ஊரை விட்டு வந்தவர்தான். ஸ்கேட்டிங்குக்குப் பேர்போன நாடு இல்லை ஸ்பெயின். 17 வயதில் மட்ரிட்டை விட்டு அமெரிக்காவுக்குப் போய் நிக்கொலாய் மொரொசொவ்விடம் பழகினார், 2011 இல் அவரையும் விட்டு டொரொன்டோவுக்கு வந்தார். பிறகு 2015, 2016 இரண்டு வருடமும் உலகச் சாம்பியன். 2018 பியோங்சாங் ஒலிம்பிக் மேடையில் ஹன்யு இரண்டாவது தங்கத்தோடு நின்றார், பெர்னாண்டஸ் வெண்கலத்தோடு நின்றார். ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ஸ்பெயினுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுதான். எதிராளியாக வரக்கூடியவனோடு தினமும் பழகினால் என்ன கிடைக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

எங்கள் பிள்ளைக்குக் குறைவாக இருப்பதும் அதுவேதான். நுரையீரல் இருக்கிறது, கால் இருக்கிறது. 4,000 அடிக்கு மேலே பிறந்து, தேயிலை மலை ஏறி இறங்கிப் பாடசாலைக்கு நடந்த உடம்பு அது. கீழ்நாட்டு வீரர்கள் இந்த உயரத்துக் காற்றுக்காகவே நுவரெலியாவுக்கு வந்து தங்கிப் பயிற்சி எடுக்கிறார்கள். இங்கேயே பிறந்த பிள்ளை, கூட ஓட ஆள் இல்லாமல் கீழே இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. கோபப்பட வேண்டும் என்றால் இதற்குக் கோபப்படுங்கள். தரமான ஒரு ஓடுதடமும் சம்பளம் வாங்கும் நாலு கோச்மாரும் எங்கள் தோட்டப்புறத்தில் இருந்திருந்தால் அவள் ஏன் போகப் போகிறாள்?

"அப்போ நன்றி?" என்று கேட்பவர்களுக்கு ரஷ்யாவின் எவ்கேனியா மெட்வடேவாவைப் பற்றிச் சொல்கிறேன். 2018 இல் அவருக்கு 18 வயது. அந்த ஒலிம்பிக்கில் 1.31 புள்ளி வித்தியாசத்தில் தங்கம் கைதவறியது. தங்கம் வாங்கியது அதே கோச்சிடம் பழகிய அலினா சகித்தோவா. சில மாதத்தில் மெட்வடேவா தன் கோச் எத்தேரி துத்பெரிட்ஸேயை விட்டு, அதே டொரொன்டோவுக்குப் போனார். கோச் தன் மனவருத்தத்தை வெளிப்படையாகச் சொன்னார். ரசிகர்கள் பலர் அந்தப் பிள்ளையைத் துரோகி என்றே எழுதினார்கள். அவர் எதற்கும் மல்லுக்கட்டவில்லை. அடுத்த வருட உலகப் போட்டியில் வெண்கலம் வாங்கினார். பிறகு 2020 இல் பழைய கோச்சிடமே திரும்பி வந்தார். அவரும் சேர்த்துக்கொண்டார். அவ்வளவுதான். இடையில் ஊர் உலகம் கொட்டிய வார்த்தைகளால் யாருக்கு என்ன லாபம்?

நம்ம கண்டியிலேயே பாருங்கள். முரளிதரனின் 800 விக்கெட் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் வேகப்பந்து போட்டுக்கொண்டிருந்த பையனை, 14 வயதளவில், சுழற்பந்துக்கு மாற்றிய கோச் சுனில் பெர்னாண்டோவின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? முரளி பிறகு எத்தனையோ கோச்மாரிடம் பழகினார். அதனால் சுனில் பெர்னாண்டோ செய்த வேலை அழிந்தா போய்விட்டது? நன்றி காட்ட வேண்டும் என்று இவ்வளவு துடிக்கிறவர்கள், அந்தக் கணக்கு சேரின் பெயரை ஒருநாள் பாடசாலை மேடையில் சொல்லி, கூப்பிட்டு ஒரு மாலை போடுங்கள். பரிசளிப்பு விழாவில் அவருக்கு நாற்காலிகூடப் போடாதவர்கள்தான் இன்று அவருக்காக மூக்கைச் சிந்துகிறார்கள்.

சரி, குழுக்களில் வந்த இன்னொரு கேள்வி இருக்கிறது. அதை நான் தள்ளிவிடமாட்டேன். "பொம்பளப் புள்ளய தனியா கொழும்புக்கு அனுப்புறதா?" இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். வீட்டு வேலைக்கென்று கொழும்புக்குப் போன எங்கள் பிள்ளைகளின் கதைகள் இல்லாத தோட்டம் இல்லை. 2021 ஜூலையில், டயகமவிலிருந்து வேலைக்குப் போயிருந்த 16 வயதுப் பிள்ளை தீக்காயங்களோடு ஆஸ்பத்திரியில் இறந்தது. அதை நாங்கள் யாரும் மறக்கவில்லை. ஆகவே பயப்படும் பெரியவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு கேட்க வேண்டியதைக் கேட்டால் அது பிள்ளைக்குக் காவல். வம்பு பேசினால் அவளை இன்னும் தனியாக்குவோம்.

ஸ்கேட்டிங் உலகம் இதைக் கஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டது. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் கமிலா வலியேவாவுக்கு 15 வயது. முந்திய டிசம்பரில் கொடுத்த மாதிரியில் தடைசெய்யப்பட்ட இதய மருந்து இருந்தது என்று போட்டிகளுக்கு நடுவில் தெரியவந்தது. தங்கம் அவளுக்குத்தான் என்று எல்லோரும் எதிர்பார்த்த பிள்ளை, உலகமே பார்த்துக்கொண்டிருக்க ஐஸில் விழுந்து விழுந்து எழுந்தாள். நான்காவது இடம். பார்த்த எனக்கும் மகளுக்கும் அழுகை வந்துவிட்டது. இரண்டு வருடம் கழித்து நான்கு ஆண்டுத் தடை விதிக்கப்பட்டதும் அந்தப் பிள்ளைக்குத்தான். அந்த ஒலிம்பிக் நடந்த 2022 ஜூனிலேயே சர்வதேச ஸ்கேட்டிங் ஒன்றியம், பெரியவர்கள் பிரிவில் போட்டியிடக் குறைந்த வயதை 15 இலிருந்து படிப்படியாக 17 ஆக உயர்த்த முடிவு எடுத்தது.

எனவே கேட்க வேண்டியது இவைதான். விடுதியில் இரவில் பொறுப்பாக இருப்பது யார்? மாத்திரை, சத்துமா, ஊசி என்று எது கொடுத்தாலும் வீட்டுக்குச் சொல்லிவிட்டுத்தான் கொடுப்பார்களா? காலில் அடிபட்டால் ஓட்டத்தை நிறுத்துவார்களா, இல்லை போட்டி முடியட்டும் என்பார்களா? சாதாரண தரப் பரீட்சை என்ன ஆகும்? பிள்ளைக்குச் சிங்களம் கொஞ்சம்தான் வரும், மனதில் ஒன்று என்றால் யாரிடம் போய்த் தமிழில் சொல்வாள்? பிடிக்கவில்லை என்று திரும்பி வந்தால் பழைய பாடசாலையில் இடம் இருக்குமா? அந்த சேர் இதில் பலவற்றைக் கேட்டு எழுதி வாங்கியிருக்கிறார். எழுதி வாங்கியிருக்கிறார் என்பதை மறுபடியும் சொல்கிறேன், ஏனென்றால் வாய்ப்பேச்சை நம்பி ஏமாந்த பரம்பரை நாங்கள்.

ஹன்யு டொரொன்டோவுக்குப் போனபோது அவருடைய அம்மாவும் கூடப் போனார். அப்பா, அவரும் ஓர் ஆசிரியர், மகளோடு செண்டாயில் இருந்தார். பிலிப்பைன்ஸின் மைக்கல் மார்ட்டினஸ், கடைத்தொகுதிக்குள் இருக்கும் ஐஸ் தரையில் சனங்களுக்கு நடுவே பழகி 2014 சோச்சி ஒலிம்பிக்குக்குப் போனவர், வெப்ப நாட்டுப் பிள்ளை. அவருடைய குடும்பம் வீட்டை அடகு வைத்தது. எங்கள் பிள்ளையின் அம்மா கூடப் போகவும் முடியாது, அடகு வைக்க வீடும் இல்லை. லயம் தோட்டத்துடையது. 2024 இல் வந்த சம்பள உயர்வில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. நல்ல ஸ்பைக்ஸ், அதாவது அடியில் ஆணி வைத்த ஓட்டச் சப்பாத்து, ஒன்றின் விலையைக் கடையில் கேட்டுவிட்டு, அந்த அம்மா எத்தனை நாள் முழுநாள் வேலை செய்து முழுப்பேர் போட வேண்டும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். அந்தக் குடும்பத்தைத்தான் தலைகால் புரியாதவர்கள் என்று எழுதினீர்கள்.

இப்போதைக்குத் தேவைகள் இவை. ஹோமாகம, மஹரகம பக்கம் இருக்கும் மலையகக் குடும்பம் ஏதாவது, போயா நாளிலும் விடுமுறை நாளிலும் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டு, தமிழில் பேசி, திரும்ப விட முடியுமானால் இன்பாக்ஸில் எழுதுங்கள். அம்மாவும் சேரும் நேரில் வந்து உங்களைப் பார்ப்பார்கள், அதற்குச் சங்கடப்படாதீர்கள். ஹட்டனில் மாலையில் சிங்களம் சொல்லிக்கொடுக்கக்கூடிய ஆசிரியர் யாராவது இருந்தால், தவணை தொடங்குமுன் ஒரு மாதம் போதும். ஸ்பைக்ஸ் வாங்கித் தர நினைப்பவர்கள் எனக்குப் பணம் அனுப்ப வேண்டாம். கால் அளவை நான் சொல்கிறேன், நீங்களே வாங்கி சேரின் கையில் கொடுங்கள். குழுக்களில் எழுதியவர்கள், அந்த அக்கா வெளியேறுவதற்கு முன் எழுதியதை அழித்துவிடுங்கள்.