லெஷானோடு திரும்பிவிடாதீர்கள்

சீனாவின் செங்டு நகரிலிருந்து போய், லெஷானில் பாறையில் செதுக்கிய பிரம்மாண்ட புத்தர் சிலையைப் படகில் இருந்தபடியே பார்த்துவிட்டு அன்றே திரும்பிவிடலாம் என்று உங்கள் கட்டுரையில் சொல்லியிருக்கிறீர்கள். பார்க்கலாம்தான். ஆனால் பாறையில் வெட்டிய குறுகலான படிகளில் இறங்கி, பாதத்தருகே நின்று அண்ணாந்து பார்த்தால்தான் 71 மீட்டர் உயரம் என்பது உறைக்கும். இறங்கும்போது தலைப் பக்கம் கவனியுங்கள். சுருள்முடிகளுக்கு இடையிலும் காதுகளுக்குப் பின்னாலும் மழைநீர் வடிய வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். 713-இல் ஹைதோங் என்ற துறவி தொடங்கி, அவர் காலத்துக்குப் பின் 803-இல் முடிந்த சிலை இன்றும் நிற்பதில் அந்த வாய்க்கால்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

அப்புறம் ஏமெய் மலை. பக்கத்திலேயே இருக்கிறது, தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். 3,000 மீட்டருக்கு மேலே உள்ள பொற்சிகரத்துக்குப் பேருந்து, கேபிள் கார் எல்லாம் உண்டு. முதுகுப்பையோடு போகிறவர்கள் ஒரு பகுதியாவது படியேறுங்கள். வழியில் சில மடங்களிலேயே தங்கலாம். வான்னியன் கோயிலில் ஆறு தந்தங்கள் கொண்ட யானைமேல் சமந்தபத்திரர் என்ற போதிசத்துவர் அமர்ந்திருக்கும் வெண்கலச் சிலை இருக்கிறது, 980-இல் வார்த்தது. எனக்கு லெஷானைவிட அதுதான் பிடித்தது. கையில் பிளாஸ்டிக் பையைக் கண்டால் அங்குள்ள குரங்குகள் பிடுங்கிவிடும், தின்பண்டத்தை முதுகுப்பைக்குள் வைத்து ஜிப்பை மூடிவிடுங்கள்.