இயன் சார்ல்சனைப் பரிதாபத்தில் முக்கி எடுக்காதீர்கள்

ஸ்காட்லாந்து நடிகர் இயன் சார்ல்சனைப் பற்றி யார் எழுதினாலும் இரண்டே ரகம்தான். ஒன்று, ‘சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்’ படத்தில் தலையைப் பின்னால் சாய்த்து வானத்தைப் பார்த்துக்கொண்டே ஓடுவாரே அந்த ஆள், அப்புறம் காணாமல் போய்விட்டார், பாவம். இன்னொன்று, சாகப்போகிறோம் என்று தெரிந்தே மேடையில் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டாக நடித்தவர், பாவம். இரண்டிலும் அந்தப் ‘பாவம்’தான் எனக்கு ஆகவில்லை. முதலாவது தகவல் பிழை. இரண்டாவதில் தகவல் சரி, ஆனால் சொல்கிற விதத்தில் அந்த மனிதனின் தொழிலையே காலி செய்துவிடுகிறார்கள்.

முதலில் ஆளைத் தெரியாதவர்களுக்காக. 1949இல் எடின்பரோவில் பிறந்தவர். அப்பா அச்சுத் தொழிலாளி. உதவித்தொகை வாங்கி ராயல் ஹை ஸ்கூலில் படித்தார், எடின்பரோ பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலைக்குப் போனார், அங்கே மாணவர் நாடகங்களில் விழுந்தவர் எழவே இல்லை. அப்புறம் லண்டன், லாம்டா நாடகப் பள்ளி, யங் விக் அரங்கம். 1978இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியில் ‘டெம்பெஸ்ட்’ நாடகத்தின் ஏரியல். ஏரியல் என்றால் சும்மா வந்து போகிற தேவதை வேடமில்லை, பாட வேண்டும். சார்ல்சனுக்குச் சின்ன வயதிலிருந்தே பாட்டு உண்டு, குரல் அப்படி. அந்தக் குரலை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1981இல் ‘சாரியட்ஸ்’. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஞாயிற்றுக்கிழமை கடவுளுக்கான நாள் என்பதற்காக 100 மீட்டர் ஓட மறுத்து, பிறகு 400 மீட்டரில் 47.6 வினாடியில் தங்கம் வாங்கிய எரிக் லிடெல் வேடம். எல்லாருக்கும் வாங்கெலிஸ் இசையும் கடற்கரை ஓட்டமும்தான் ஞாபகம். எனக்கு அதைவிட மழையில் நின்று லிடெல் பேசுகிற காட்சி முக்கியம். ஓட்டம் முடிந்திருக்கும், சுற்றிலும் குடை பிடித்த சனம், ஒரு இளைஞன் மேடை மைக் எதுவும் இல்லாமல் பேசுவான். பந்தயத்தை முடிக்கிற வலு எங்கிருந்து வருகிறது என்று கேட்டு, உள்ளேயிருந்து என்று அவனே சொல்வான். அந்தப் பேச்சு சார்ல்சன் தானே எழுதியது. கையில் கொடுத்த வசனம் அவருக்கு ஒப்பவில்லை, பைபிளை உட்கார்ந்து படித்து, தனக்கு வாயில் வருகிற மாதிரி எழுதிக்கொண்டார். அதில் ஒரு இடத்தில்கூடப் பிரசங்கத் தொனி இல்லை. குரலை உயர்த்தாமல், பக்கத்து வீட்டுக்காரனிடம் பேசுகிற மாதிரி பேசுவார். பக்திமானாக நடிப்பது சினிமாவில் ரொம்பக் கஷ்டம். கொஞ்சம் ஏறினால் நாடகம், கொஞ்சம் இறங்கினால் பொய்.

நம் ஊரில் அவரைப் பார்க்காதவர்கள் குறைவு, பெயர்தான் தெரியாது. ‘காந்தி’ படத்தில் காந்தியின் நண்பராக வரும் பாதிரியார் சார்லி ஆண்ட்ரூஸ் இவர்தான். (நிஜ ஆண்ட்ரூஸ் டர்பனில் வந்து இறங்கியது 1914 ஜனவரியில். தில்லையாடி வள்ளியம்மை இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு. தீனபந்து என்று நம் பாட்டன்மார் சொன்னது இவரைத்தான்.) ஓடுகிற ரயிலின் கூரை மேல் ஏறி மூட்டை முடிச்சுக்காரர்களோடு உட்கார்ந்து வருவாரே, அந்தக் காட்சியை எல்லாரும் சிரித்துக்கொண்டே பார்த்திருப்போம். ஆனால் நடிப்பு என்றால் நான் காட்டுவது சம்பாரண் சிறைக் காட்சியை. நீங்கள் ஃபிஜி போய்விடுங்கள், இனி நடப்பதை இந்தியர்கள் தாங்களே செய்ய முடியும் என்று அவர்களுக்கு நம்பிக்கை வர வேண்டும் என்று காந்தி சொல்கிறார். சார்ல்சனுக்கு அங்கே பெரிய வசனமே கிடையாது, கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். முகத்தில் முதலில் ஒரு அடி விழுந்த மாதிரி இருக்கும், அப்புறம் சொன்னது சரிதான் என்ற ஒப்புதல், அதையும் தாண்டி நண்பனைப் பிரிகிற வருத்தம். காந்தியாக நடித்த பென் கிங்ஸ்லி பேசுகிற காட்சி அது, ஆனால் இந்த ஆள் கேட்பதால்தான் நிற்கிறது.

அதே படத்தில் இன்னொன்று. தென்னாப்பிரிக்கத் தெருவில் காந்தியும் சார்லியும் நடந்து வர, வழியை மறிக்கிற வெள்ளைக்காரப் பொடியன்கள் கூட்டத்துக்குத் தலைவன் மாதிரி ஒருவன் நிற்பான், மேல்மாடியிலிருந்து அம்மா கூப்பிட்டதும் பெட்டிப்பாம்பாகிவிடுவான். அது டேனியல் டே-லூயிஸ். இந்த இரண்டு பேரும் ஏழு வருஷம் கழித்து எப்படி மறுபடி சந்திக்கிறார்கள் என்று சொல்கிறேன்.

அடுத்தடுத்து இரண்டு வருஷம், இவர் நடித்த இரண்டு படமும் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கின. அதற்கப்புறம் சினிமாவில் பெரிதாக ஒன்றும் இல்லை என்பது உண்மை. ‘கிரேஸ்டோக்’கில் ஒரு சின்ன வேடம், டாரியோ அர்ஜெண்டோவின் ஒரு இத்தாலியத் திகில் படம், இப்படி. இதை வைத்துத்தான் ‘வாய்ப்பு கிடைக்காத நடிகர்’ என்று எழுதுகிறார்கள். ஆனால் ‘காந்தி’ வெளிவந்த அதே 1982இல் நேஷனல் தியேட்டரில் ‘கைஸ் அண்ட் டால்ஸ்’ இசைநாடகத்தில் ஸ்கை மாஸ்டர்சனாகப் பாடி ஆடிக்கொண்டிருந்தார், இயக்கம் ரிச்சர்ட் அயர். அது லண்டனே பேசிய தயாரிப்பு. 1984இல் சாம் ஷெப்பர்டின் ‘ஃபூல் ஃபார் லவ்’. 1988இல் ‘கேட் ஆன் எ ஹாட் டின் ரூஃப்’ நாடகத்தில் பிரிக். இதெல்லாம் காணாமல் போன ஆள் செய்கிற வேலையா? கேமரா இல்லாத இடத்தில் நடந்தால் நமக்கு அது நடக்கவே இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

பிரிக் வேடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கால் முறிந்து, ஊன்றுகோலோடு, கையில் மதுக் கோப்பையோடு, செத்துப்போன நண்பன் மேல் தனக்கு இருந்தது என்ன என்பதைத் தனக்கே சொல்லிக்கொள்ளத் துணியாதவன் பிரிக். தனக்கு எச்.ஐ.வி. என்று சார்ல்சனுக்கு 1986லேயே தெரியும். நாடகம் நடந்த அதே 1988இல்தான் பிரிட்டனில் உள்ளாட்சி அமைப்புகள் ஒருபால் உறவை ‘ஊக்குவிக்க’க் கூடாது என்று செக்‌ஷன் 28 சட்டம் வந்தது. இதை நினைக்கும்போது தொண்டையை அடைக்கத்தான் செய்கிறது, எனக்கும்தான். ஆனால் அதனால்தான் பிரிக்கை நன்றாக நடித்தார் என்று சொல்லாதீர்கள். ரகசியம் வைத்திருக்கிற எல்லாரும் டென்னஸி வில்லியம்ஸ் நாடகத்தில் பிரிக் ஆகிவிட முடியாது. பத்துப் பதினைந்து வருஷம் மேடையில் நின்ற ஆளால்தான் முடியும்.

சரி, ஹாம்லெட். 1989 செப்டம்பரில், அதே ரிச்சர்ட் அயர் இயக்கத்தில் நேஷனல் தியேட்டரின் ஒலிவியர் அரங்கில் டே-லூயிஸ் ஹாம்லெட்டாக நடித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் பாதி நாடகத்தில், தந்தையின் ஆவி வருகிற காட்சியில், மேடையை விட்டு இறங்கிவிட்டார். அதற்கப்புறம் மேடை நாடகத்துக்கே திரும்பவில்லை. இடையில் மாற்று நடிகர் ஜெரமி நார்தம் அந்த வேடத்தைத் தாங்கிப் பிடித்தார். அக்டோபரில் சார்ல்சன் வந்தார். காந்தியின் தெருவில் வழி மறித்த பையன் விட்டுப்போன இடம்! ஆயிரம் பேருக்கு மேல் உட்காரும் அரங்கம், நான்கு மணி நேரத்துக்குப் பக்கம் ஓடுகிற நாடகம், நோய் முற்றி முகமெல்லாம் வீங்கிய நிலை. முகம் ஒத்துழைக்காத நடிகனுக்கு மிஞ்சுவது குரலும் சொல்லும்தான். அதை வைத்தே நடித்தார். ஏரியலாகப் பாடிய அதே குரல்.

இங்கேதான் என் வாதம் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். அவருக்கு எய்ட்ஸ் என்பது அப்போது ஊருக்குத் தெரியாது. நெருங்கிய சிலருக்குத்தான் தெரியும். பாதியில் மாறி வந்த நடிகரைப் பற்றிப் பத்திரிகைகள் பெரிதாகக் கண்டுகொள்வதும் வழக்கமில்லை. அப்படியிருந்தும் சண்டே டைம்ஸ் விமர்சகர் ஜான் பீட்டர் போய்ப் பார்த்துவிட்டு, ஒரு தயாரிப்பையே நடிகர் ஒருவர் மாற்றிக் காட்டிவிட்டார் என்கிற அளவுக்கு எழுதினார். அவர் எழுதியது இரங்கல் குறிப்பில்லை, விமர்சனம். அதே சமயம் ‘ஒதெல்லோ’ நாடகத்தின் இயகோ வேடத்துக்காக ஈவினிங் ஸ்டாண்டர்ட் பத்திரிகையின் சிறந்த நடிகர் விருது இயன் மெக்கெல்லனுக்குக் கிடைக்கிறது. சார்ல்சனின் ஹாம்லெட்டைப் பார்த்திருந்த மெக்கெல்லன் அந்தக் கோப்பையைக் கொண்டுபோய் சார்ல்சனிடம் கொடுத்துவிட்டார். நண்பன் என்பதால் கொடுத்தார் என்று சொல்பவர்கள் சொல்லலாம். நடிகர்கள் அப்படி இரக்கப்பட்டு விருது கொடுக்கிற இனம் இல்லை என்பது என் அபிப்பிராயம், சிரிக்காதீர்கள்.

கடைசியாக மேடை ஏறியது நவம்பர் 13. 1990 ஜனவரி 6 அன்று இறந்தார், வயது 40. காரணத்தை மறைக்கக் கூடாது, எய்ட்ஸ் என்றே அறிவிக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். பிரிட்டிஷ் கலையுலகில் ஒரு மரணம் இப்படி வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது அதுதான் முதல் தடவை. பத்திரிகைகள் நோயாளிகளைக் கேலிப்பொருளாக்கி விற்றுக்கொண்டிருந்த காலம் அது. குவீன் இசைக்குழுப் பாடகர் ஃப்ரெடி மெர்குரியின் எய்ட்ஸ் விஷயம் வெளியே வந்ததே இதற்கு ஏறக்குறைய இரண்டு வருஷம் கழித்து, அவர் இறப்பதற்கு முந்தைய நாள்தான். லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையின் எச்.ஐ.வி. பிரிவுக்கு சார்ல்சன் பெயர் வைத்ததற்குப் பின்னால் இந்தத் துணிச்சல் இருக்கிறது. இதற்குத் தலைவணங்குங்கள், நானும் வணங்குகிறேன். ஹாம்லெட்டை மட்டும் அதோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம். ஒன்று மனிதனின் நேர்மை, மற்றது நடிகனின் வேலை. அந்த வேலையைப் பார்த்தவர்கள் அந்தச் சில வாரங்களில் டிக்கெட் வாங்கி உள்ளே உட்கார்ந்தவர்கள் மட்டும்தான். நமக்குக் கிடைக்காது. எனக்கும் கிடைக்கவில்லை, படித்துத்தான் தெரிந்துகொண்டேன், பொறாமையாகத்தான் இருக்கிறது.

அவர் பெயரில் சண்டே டைம்ஸும் நேஷனல் தியேட்டரும் சேர்ந்து ஒரு பரிசு ஏற்படுத்தின. டாம் ஹாலண்டர், டோபி ஸ்டீபன்ஸ், ரெபெக்கா ஹால் எல்லாம் சினிமாவில் நமக்குத் தெரிவதற்கு முன்பே அதை வாங்கியவர்கள். முப்பது வயதுக்குள் இருக்க வேண்டும், பழைய செவ்வியல் நாடகமாக இருக்க வேண்டும், மேடையில் நடித்திருக்க வேண்டும். சினிமாவில் நீங்கள் என்ன கிழித்திருந்தாலும் அங்கே செல்லாது.