வாடகை "தானா" வருதாம்!

"ஒரு ஃபிளாட் வாங்கிப் போடுங்க சார், வாடகை தானா வரும்" என்று யூடியூபில் கூவுகிற ஆசாமிகளை ஒரே ஒரு மழைக்காலம் வாடகை வீட்டைப் பராமரிக்க விட வேண்டும். தானாக வருவது ஓதம் மட்டும்தான்!

கணக்கையே பாருங்கள். சென்னைப் புறநகரில் 80 லட்ச ரூபாய் ஃபிளாட்டுக்கு 22,000 வாடகை கிடைத்தால் பெரிய விஷயம். வருஷத்துக்கு 2,64,000, அதாவது 3.3 சதவீதம். ஆள் மாறுகிற வருஷம் ஒரு மாதம் வீடு பூட்டிக் கிடக்கும், ஒரு மாத வாடகை புரோக்கருக்குப் போகும். மிச்சம் 2,20,000. அரையாண்டுச் சொத்து வரி, பெயின்ட், பிளம்பர் எல்லாம் அதற்குள்தான். 60 லட்சம் கடன் என்றால் எட்டரை சதவீத வட்டியில் 20 வருஷத்துக்கு மாதத் தவணை 52,000 சொச்சம். 22 வந்து 52 போகிறது. இதற்குப் பெயர் வருமானமாம்.

சரி, பணம் தொலையட்டும். பாத்ரூம் கசிவு என்று ஒன்று இருக்கிறதே! கீழ் வீட்டு சீலிங்கில் ஈரத்திட்டு தெரிந்ததும் போன் வரும்: "உங்க வீட்லேர்ந்துதான் ஒழுகுது." உடனே ஒரு பெயின்டரைக் கூப்பிட்டுக் கீழே சுரண்டிப் புட்டி பூசுவார்கள். சில மாதத்தில் கொப்பளித்து உதிரும். உதிராமல் என்ன செய்யும்? தண்ணீர் நிற்பது மேலே. பாத்ரூம் தளத்தை ஓரடி போலப் பள்ளமாக இறக்கி, குழாய் போட்டு, செங்கல் துண்டைக் கொட்டி டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். டைல்ஸ் இடுக்கில் வெள்ளை சிமென்ட் போய்விட்டாலோ, தரைத் தண்ணீர் வடிகிற வாயில் இருக்கும் நஹானி டிராப்பின் ஜாயின்ட் விட்டாலோ, தண்ணீர் அந்தப் பள்ளத்தில் தேங்கி கான்கிரீட் வழியாக இறங்கும்.

முதலில் எங்கே கசிகிறது என்று பார்க்க வேண்டாமா? குளிப்பதை ஒரு வாரம் நிறுத்துங்கள். தேங்கியது வடியவே நாலைந்து நாளாகும். அதற்குப் பிறகும் திட்டு காயாவிட்டால் தண்ணீர் லைன் மேல் சந்தேகம். காய்ந்தால் தரையோ கழிவுக் குழாயோ. ஒரே பாத்ரூம் உள்ள வீட்டில் குடியிருப்பவரிடம் "ஒரு வாரம் குளிக்காதீங்க" என்று சொல்லிப் பாருங்களேன்!

டைல்ஸ் இடுக்கு மட்டும்தான் பிரச்சினை என்றால் இடுக்கில் நிரப்புகிற எபாக்ஸி கிரவுட் என்ற பசை போதும். இல்லையென்றால் டைல்ஸைப் பெயர்த்து, பள்ளத்தைக் காலி செய்து, வாட்டர்ப்ரூஃபிங் இரண்டு கோட், சுவரிலும் ஓரடி ஏற்றி. பிறகு டிராப்பை அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் கட்டி, கீழே போய்ப் பார்த்துவிட்டுத்தான் மூட வேண்டும். இந்தத் தண்ணீர் கட்டும் வேலையைத்தான் மேஸ்திரி "அதெல்லாம் வேணாம் சார், நான் கேரன்ட்டி" என்று தாண்டிப் போவார். விடவே விடாதீர்கள்.

அடுத்த கூத்து, "11 மாத அக்ரிமென்ட்தானே, பதிவு தேவையில்லை" என்கிற புரோக்கர் ஞானம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி 11 மாத ஒப்பந்தத்தையும் வாடகை அதிகாரியிடம் பதிந்தாக வேண்டும். தகராறு முற்றிய பிறகு இதைக் கேட்டுத் திருதிருவென்று விழிப்பார்கள்.

காலி செய்கிற அன்றைக்கு இ.பி. மீட்டரைப் படமெடுக்காமல் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கிற மகானுபாவர்களும் உண்டு. கணக்கெடுப்பு 2 மாதத்துக்கு ஒருமுறை. கடைசி ரீடிங்குக்குப் பிறகு ராப்பகலாக ஏசி ஓடிய யூனிட்டெல்லாம் அடுத்த பில்லில்தான் வரும், அதுவும் ஓனர் பேரில்!