கட்டத்தை யார் பார்த்தது?

போன வாரம் அக்கா மகனுக்குத் துணி எடுக்க எம்.சி. ரோடு போயிருந்தோம். ஒரு கடையில் மரியோ படம் போட்ட டீ-ஷர்ட் தொங்கியது. செங்கல் அடுக்கினாற்போல் கட்டம் கட்டமாக மரியோ. "இன்னா மாமா, நீ வெளாடுன கேம்லாம் இப்டித்தான் இருக்குமா?" என்றான். ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். யோசித்தால், அந்தக் கட்டங்களை நான் பார்த்ததே இல்லை.

நான் விளையாடியது தண்டையார்பேட்டையில், பக்கத்து வீட்டு கறுப்பு வெள்ளை டிவியில். பர்மா பஜாரில் வாங்கிய டிவி கேம், மஞ்சள் கேசட். சேனலைத் திருகித் திருகித்தான் படத்தைப் பிடிக்க வேண்டும். அந்தக் குழாய் டிவியில் ஒரு புள்ளி பக்கத்துப் புள்ளிமேல் கசிந்துதான் தெரியும். மரியோ மீசை எனக்கு ஈர விரலால் இழுத்த மைதான்.

கேமுக்குப் படம் வரைந்தவர்களில் சிலர் அந்தக் கசிவை நம்பியே வரைந்தார்கள். 1991இல் வந்த சோனிக் என்ற கேமில் ஓர் அருவி. ஒன்று விட்டு ஒன்றாக நெட்டுக்கோடுகள், அவ்வளவுதான். பழைய டிவியில் அது கலங்கி, பின்னால் இருப்பது தெரிகிற தண்ணீராகிவிடும். இன்றைய திரையில் ஜன்னல் கம்பி.

அழகுக்காகத்தான் கட்டம் வைத்தார்கள் என்பதும் கட்டுக்கதைதான், வேறு வழியில்லாமல் வைத்தது அது. கேசட்டை ஊதினால் ஓடும் என்று நம்பிய கூட்டம்தானே நாம் (கழற்றி மாட்டியதால் ஓடியது). 1981இல் டாங்கி காங் என்ற கேமுக்காக நின்டெண்டோ கம்பெனியின் மியாமோட்டோ மரியோவை உருவாக்கியபோது, அத்தனை சின்ன உருவத்தில் முடி வரைவது கஷ்டம் என்று தொப்பி போட்டார். வாய்க்குப் பதிலாக மீசை. 1985 சூப்பர் மரியோவில் மேகமும் புதரும் ஒரே படம். மேலே வெள்ளை, கீழே பச்சை. எங்கள் டிவியில் பச்சையே கிடையாது, அப்போதும் ஒருத்தனும் கண்டுபிடிக்கவில்லை! மேலே இருந்தால் மேகம், கீழே இருந்தால் செடி. சரிதானே?

இப்போது கட்டம் கட்டமாக கேம் செய்கிறவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அது இந்தக் காலத்து பாணி, சிலது அழகாகவும் இருக்கிறது. அதை என் சின்ன வயசு என்று என்னிடமே விற்பதுதான் இடிக்கிறது.

பையன் அந்த டீ-ஷர்ட்டைத்தான் எடுத்தான். வீட்டில் போட்டுக் காட்டினான். கொஞ்சம் தள்ளி நில்லுடா என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். மீசை வந்துவிட்டது.