வாக்கரில் போட்டால் குழந்தை சீக்கிரம் நடக்குமா?

"வாக்கரில் உட்கார வைத்தால் குழந்தை சீக்கிரம் நடக்கும், பயமும் போகும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. வாக்கரில் குழந்தை நடப்பதே இல்லை. துணி இருக்கையில் தொங்கியபடி நுனிக்காலால் தரையை உந்துகிறது, அவ்வளவுதான். தடுமாறினால் சமாளிக்கும் வேலையே அங்கே கிடையாது. படிக்கட்டில் உருண்டு தலையில் அடிபடும் ஆபத்து வேறு. கனடா 2004இலேயே தடை செய்துவிட்டது.

நம் மர நடைவண்டி அப்படியல்ல. குழந்தை தன் காலில் நின்றுதான் அதைத் தள்ள வேண்டும். பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருந்தால் போதும்.

கட்டில் விளிம்பைப் பிடித்து எழுந்து, பொத்தென்று உட்கார்ந்து, மறுபடியும் எழுகிறதே, பயம் போவது அதில்தான். தயவுசெய்து அதைத் தடுக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 8 முதல் 18 மாதத்துக்குள் தனியாக நடப்பது இயல்பு. அதையும் தாண்டினால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.