தட்டிய பிறகு காத்திருக்கும் கடமை

அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் 2017 அக்டோபரில் ஒரு நாள், பொழுது விடியும் முன்பே, எஃப்.பி.ஐ.யின் ஆயுதப் பிரிவினர் ஒரு வீட்டின் முன்கதவை உடைத்து, கண்ணைக் கூசவைத்துக் காதை அடைக்கும் குண்டு ஒன்றை வெடிக்கச் செய்து உள்ளே நுழைந்தார்கள். அங்கே ஒரு பெண்ணும், அவருடைய துணைவரும், 7 வயது மகனும் உறங்கிக்கொண்டிருந்தார்கள். தேடப்பட்டவரின் வீடு அருகில் வேறொரு தெருவில் இருந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வழிகாட்டும் கருவியை நம்பி வந்த அதிகாரி தெருப் பெயர்ப் பலகையையும் பார்க்கவில்லை, அஞ்சல் பெட்டியில் எழுதியிருந்த கதவு எண்ணையும் பார்க்கவில்லை. அந்தக் குடும்பம் தொடுத்த இழப்பீட்டு வழக்கைக் கீழ் நீதிமன்றங்கள் தள்ளுபடி செய்தன. 2025 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்தத் தீர்ப்பை விலக்கி, வழக்கை மீண்டும் ஆராயுமாறு திருப்பி அனுப்பியது. 7 ஆண்டுகளுக்குப் பிறகும் அவர்களுக்குக் கிடைத்தது பணமல்ல, வழக்கை நடத்தும் வாய்ப்பு மட்டுமே.

நீலகிரி மாவட்டம் பந்தலூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் குடியிருக்கும் எனக்கு இதை அயல்நாட்டுச் செய்தி என்று ஒதுக்கிவிட முடியவில்லை. முகவரி தவறிப்போவது எந்த நாட்டிலும் நடக்கக்கூடியது. அந்தத் தவறு உயிரையோ மானத்தையோ பறிக்கும் முன்பு வெளிப்படுவதற்கு ஒரே ஒரு வாய்ப்புதான் இருக்கிறது: கதவைத் தட்டி, தாங்கள் யார், எதற்காக வந்திருக்கிறோம் என்று சொல்லி, உள்ளிருப்பவர் எழுந்து வந்து திறக்கும் வரை நிற்பது. காவல் துறை போர்ப்படையின் பழக்கங்களை எடுத்துக்கொள்ளும்போது முதலில் தொலைவது அந்தச் சில நிமிடங்கள்தான் என்பதே என் கருத்து.

அமெரிக்காவில் இது எப்படி வளர்ந்தது என்பதைப் பார்த்தால் புரியும். 1960-களின் பிற்பகுதியில் லாஸ் ஏஞ்சலிஸ் காவல் துறை, பிணைக்கைதிகளை மீட்பது போன்ற அரிதான நெருக்கடிகளுக்காக 'ஸ்வாட்' என்ற தனிப்படையை உருவாக்கியது. இத்தகைய படைகள் 1980-களின் தொடக்கத்தில் நாடு முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 3,000 முறை களமிறங்கியதாகவும், 2000-களின் நடுவில் அது 45,000-ஐத் தாண்டிவிட்டதாகவும் பீட்டர் கிராஸ்கா என்ற ஆய்வாளர் கணக்கிட்டார். 1990-களிலிருந்து ராணுவத்தில் மிஞ்சிய துப்பாக்கிகளும் கவச வண்டிகளும் சிற்றூர்க் காவல் நிலையங்களுக்குக்கூட ஏறத்தாழ இலவசமாகவே போய்ச் சேர்ந்தன. அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கம் 2014-இல் 800-க்கும் மேற்பட்ட ஸ்வாட் நடவடிக்கைகளை ஆராய்ந்தபோது, அவற்றில் 79 சதவீதம் வீட்டைச் சோதனையிடும் வாரண்டை நிறைவேற்றுவதற்காக நடந்தவை என்றும், எந்த நெருக்கடிக்காக இந்தப் படை உருவானதோ அதற்காக நடந்தவை 7 சதவீதம் மட்டுமே என்றும் தெரிந்தது. கருவி கைக்கு வந்துவிட்டால் அதற்கு வேலை தேடிக்கொள்வார்கள்.

லூயிவில் நகரில் 2020 மார்ச் 13 நள்ளிரவு தாண்டி 26 வயதான பிரியானா டெய்லரின் வீட்டுக் கதவு உடைக்கப்பட்டபோது, காவல் துறை என்று அறிவித்ததாகக் காவலர்கள் சொன்னார்கள். யார் என்று கேட்டும் பதில் வரவில்லை என்று அவருடைய துணைவர் சொன்னார். கொள்ளையர் என்று எண்ணி அவர் ஒரு முறை சுட்டார். காவலர்கள் 32 குண்டுகளைச் சுட்டார்கள். பிரியானா இறந்தார். காவலர்கள் தேடி வந்த போதைப்பொருள் எதுவும் வீட்டில் இல்லை. நகர நிர்வாகம் 1.2 கோடி டாலர் இழப்பீடு கொடுத்தது. அறிவிக்காமல் நுழையும் வாரண்டை அந்த ஆண்டு ஜூனிலேயே தடையும் செய்தது. செய்யக்கூடிய காரியம்தான் என்பதற்கு அதுவே சான்று. ஆனால் ஓர் உயிர் போன பிறகு செய்தார்கள்.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். தோட்டத்து லைன் வீடுகளுக்கு நகரத்தைப் போல ஒழுங்கான கதவு எண் கிடையாது. சுண்ணாம்பில் என்றோ எழுதிய எண் அழிந்திருக்கும். பிரித்துக் கட்டியதில் ஒரு வீடு இரண்டாகியிருக்கும். 1964 ஒப்பந்தத்தின் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களில் முருகையாவும் பெரியசாமியும் லைனுக்கு இரண்டு பேர் இருப்பார்கள். தகப்பனார் பெயரின் முதல் எழுத்துதான் அடையாளம். வெளியூரிலிருந்து காகிதத்தில் எழுதிக்கொண்டு வரும் எவருக்கும் இங்கே வீடு மாறிப்போகும். அதோடு, கேரள எல்லையை ஒட்டிய பந்தலூர், கூடலூர், மஞ்சூர் பகுதிகளில் மாவோயிஸ்டு நடமாட்டத்தைக் காரணம் காட்டி அதிரடிப்படையினர் புள்ளியிட்ட பச்சை உடுப்போடும் தானியங்கித் துப்பாக்கியோடும் ரோந்து வருவது எங்கள் பிள்ளைகளுக்குப் பழகிப்போன காட்சி.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் லைனில் அண்ணன் ஒருவரின் வீட்டுக்கு இரவில் வெளிமாவட்டத்துக் காவலர் குழு ஒன்று வந்தது. கதவு தடதடவென்று அதிர்ந்தது. இந்தப் பக்கத்தில் நள்ளிரவில் கதவோ சுவரோ அதிர்ந்தால் யாரும் முதலில் போலீஸ் என்று நினைப்பதில்லை. அரிசிக்கும் உப்புக்கும் வீட்டை இடிக்க யானை வந்துவிட்டது என்றே நினைப்போம். அப்போது என்ன செய்ய வேண்டும் என்று சிறு பிள்ளைக்கும் தெரியும்: விளக்கைப் போடக்கூடாது, குரல் கொடுக்கக்கூடாது, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பின்னறையின் மூலைக்குப் போய் மூச்சுக் காட்டாமல் இருக்க வேண்டும். அந்தக் குடும்பம் அதையே செய்தது. விளக்கு எரியாததையும் பதில் வராததையும் வெளியே நின்றவர்கள், ஆள் உள்ளே ஒளிந்திருப்பதற்கான அறிகுறியாக எடுத்துக்கொண்டார்கள். பலகைக் கதவு தாழ்ப்பாளோடு பெயர்ந்து விழுந்தது. முகத்தில் டார்ச் அடித்து அண்ணனைச் சட்டையில்லாமல் முற்றத்தில் மண்டியிட வைத்தார்கள். அடுத்த வீட்டு ஆயா ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, "ஐயா, இவன் பெரியசாமி மகனுங்க, நீங்க தேடுற ஆளு வேற" என்று திரும்பத் திரும்பச் சொன்ன பிறகுதான் காகிதத்தில் இருந்த முதல் எழுத்தை யாரோ பார்த்தார்கள். மன்னிப்பு என்ற சொல் எவர் வாயிலிருந்தும் வரவில்லை. கதவுக்குக் காசும் வரவில்லை.

இதில் என்னை மிகவும் உறுத்துவது, அந்த இரவுக்கு எந்த எழுத்துச் சான்றும் இல்லை என்பதுதான். எதையாவது கைப்பற்றினால் மகஜர் என்ற கைப்பற்றல் பதிவை எழுதுவார்கள். தவறி நுழைந்த வீட்டுக்கு யார் எழுதுவார்கள்? கணக்கில் வராத தவறைத் திருத்த எந்த நிர்வாகமும் முன்வராது.

சட்டத்தில் குறையில்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் பாதுகாப்பு விதிகள் நிறையவே இருக்கின்றன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 44-ஆம் பிரிவு, கைது செய்யப்பட வேண்டியவரைத் தேடி வரும் அதிகாரி தம் அதிகாரத்தையும் நோக்கத்தையும் அறிவித்து, உள்ளே விடும்படி முறையாகக் கேட்டு, வேறு வழியில்லாதபோது மட்டுமே கதவை உடைக்கலாம் என்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 47-ஆம் பிரிவும் அதைத்தான் சொன்னது. சோதனைக்கு அந்த வட்டாரத்திலேயே குடியிருக்கும், சார்பற்ற, மதிப்புமிக்க இருவரைச் சாட்சியாக அழைக்க வேண்டும் என்பது 103-ஆம் பிரிவு. வீடு சரிதானா என்று சொல்லத் தெரிந்தவர் அந்த வட்டாரத்து மனிதர்தான் என்பதால், இந்த விதியை நான் மிகப் பெரிய பாதுகாப்பாகக் கருதுகிறேன். நடப்பிலோ, எப்போதும் கூப்பிட்டால் வரும் பழகிய சாட்சிகளை வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். சோதனையை ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்று 105-ஆம் பிரிவு புதிதாகச் சேர்த்திருப்பது நல்லதே. போதைப்பொருள் சட்டத்தின் 58-ஆம் பிரிவு, தகுந்த காரணமின்றிச் சோதனையிடும் அதிகாரிக்கு 6 மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. ஆயிரம் ரூபாயில் இன்று ஒரு பலகைக் கதவுகூட வாங்க முடியாது.

உச்ச நீதிமன்றம் 1962 டிசம்பரிலேயே கரக் சிங் வழக்கில் இதைப் பற்றிப் பேசியிருக்கிறது. சான்றில்லாமல் விடுவிக்கப்பட்ட ஒருவரின் வீட்டுக்கு இரவில் போய்த் தட்டியெழுப்பிப் பார்க்க உத்தரப் பிரதேசக் காவல் துறைக்கு அனுமதி தந்த விதியை, அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று அது நீக்கியது. ஏழையின் உறக்கத்துக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று ஏற்கெனவே முடிவான நாட்டில்தான் நாம் வாழ்கிறோம்.

ஆயுதத்தோடும் கூட்டமாகவும், யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்ற எண்ணத்தோடும் ஓர் ஊருக்குள் போனால் என்ன ஆகும் என்பதற்கு வாச்சாத்தி நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டையைத் தேடுவதாகச் சொல்லி அந்தப் பழங்குடி ஊருக்குள் போன வனத்துறை, காவல் துறை, வருவாய்த் துறையினர் 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்து, வீடுகளைச் சூறையாடினார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களில் 2011-இல் உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது; அதைச் சென்னை உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது 2023 செப்டம்பரில். வாச்சாத்தி தவறுதலாக நடந்ததல்ல, அது குற்றம். ஆனாலும் ஊரையே எதிரியாகப் பார்க்கும் மனநிலைதான் இரண்டுக்கும் வேர் என்று நான் நம்புகிறேன்.

அறிவித்துவிட்டுப் போனால் ஆள் தப்பிவிடுவான், பொருளை அழித்துவிடுவான், காவலரின் உயிருக்கும் ஆபத்து என்று காவல் துறை நண்பர்கள் சொல்வார்கள். அந்த அச்சம் பொய்யில்லை. உள்ளே துப்பாக்கி இருப்பது உறுதியாகத் தெரிந்தால் வேறு முறை வேண்டும்தான். ஆனால் லைன் வீட்டுக்கு ஒரு வாசலும் ஒரு பின்கதவும் மட்டுமே உண்டு. இரண்டிலும் ஆள் நிறுத்திவிட்டு, காலை ஐந்தரை மணிக்குத் தேயிலை பறிக்கக் கிளம்பும் நேரத்தில் கூப்பிட்டால் தப்ப வழியேது?

மாவட்ட நிர்வாகமும் காவல் துறையும் செய்ய வேண்டியவை பெரிய செலவு கேட்பவை அல்ல. வெளியூர்க் குழு எதுவானாலும் உள்ளூர் நிலையத்துக் காவலர் ஒருவரையும், கிராம நிர்வாக அலுவலரையோ வார்டு உறுப்பினரையோ அழைத்துக்கொண்டே லைனுக்குள் வர வேண்டும். யானை நடமாடும் பகுதியில் இரவில் கதவை இடிக்காமல், ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். ஒலி-ஒளிப் பதிவு கதவுக்கு வெளியிலேயே தொடங்க வேண்டும். வீடு தவறானது என்று தெரிந்தாலும் அந்தப் பதிவு நீதித்துறை நடுவருக்குப் போய்ச் சேர வேண்டும். உடைந்த கதவுக்கும் பட்ட காயத்துக்கும் வழக்குப் போடாமலேயே ஒரு மாதத்துக்குள் பணம் கொடுக்கும் அரசாணை வேண்டும். இந்தக் கோரிக்கைகளை மனுவாக எழுதி, அடுத்த திங்கட்கிழமை ஊட்டியில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்க எங்கள் லைன்காரர்கள் சிலர் முடிவு செய்திருக்கிறோம். இதே போன்று நடந்த குடும்பங்கள் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் இருந்தால் தேதியையும் நடந்ததையும் எழுதி அனுப்புங்கள், மனுவோடு இணைத்துக்கொள்கிறோம்.